கையெழுத்துக்கு மேல் பூச்சு

தோல்பைகளில் படம் வரைகிறவன் என் மைத்துனன். படத்தின் மேல் வார்னிஷ் பூசுகிறவன் நான். ஒரே அறை, ஒரே மேஜை, இரண்டு நாற்காலிகள். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் ஒரு நாற்காலிதான் படும்.

ஒருமுறை அவன் வரைந்த மீனைப் பார்த்து ஒரு பூனை பையின் மேல் பாய்ந்தது. பன்னிரண்டு நிமிடம் பிறாண்டியது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். கடைசியில் நகமெல்லாம் மழுங்கி, அழுதுகொண்டே போயிற்று. பையில் ஒரு கீறல் இல்லை. தெருவே கூடிவந்து "மீன் என்ன தத்ரூபம்" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கியது. கீறல் விழாததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் அருமை தெரிந்தது அந்தப் பூனைக்கு மட்டும்தான். அதுவும் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

வீட்டிலும் அதே பாட்டுதான்.

"என் தம்பி கை வச்சா மீன் மூச்சு விடுதுங்க" என்றாள் என் மனைவி.

"மேல நான் பூசுறேனே, அது?"

"அது கண்ணுக்கே தெரியலையே."

"தெரியக் கூடாது. அதான் வேலையே."

"அப்ப சரியாத்தான் பூசியிருக்கீங்க" என்று தட்டை என் பக்கம் தள்ளினாள்.

என் வேலை லேசானதில்லை. பாட்டிலைக் குலுக்கினால் குமிழி விழும், கலக்கத்தான் வேண்டும். தோலுக்கு மெல்லிசாக நான்கு பூச்சு, நடுவே நடுவே காயவிட வேண்டும். சட்டைத்துணியில் வரைந்தால் பூச்சில் தண்ணீர் சேர்க்க வேண்டும். பூச்சு கெட்டியானால் சட்டை விறைத்துவிடும். அப்படி விறைத்த சட்டை ஒன்று தானாக எழுந்து வாசல்வரை போய்விட்டது. நான்தான் ஓடிப் பிடித்து வந்தேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அவன் கையெழுத்து. படம் முடிந்ததும் வலது மூலையில் மைப்பேனாவால், வாலைச் சுழற்றி ஒன்று போடுவான். ஈரம் பட்டால் கரைகிற மை. அதனால் அந்த இடத்தில் மட்டும் தூரிகையை இழுக்காமல், பச்சைக் குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூச வேண்டும். பத்தொன்பது வருடமாக அவன் பெயரை நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். என் பெயர் ஒரு பையிலும் இல்லை.

பல் டாக்டரம்மா ஒரு பை கேட்டிருந்தார். மைத்துனன் அதில் மரங்கொத்தி வரைந்தான். பாதியில் பார்க்க வந்த டாக்டரம்மா, "நூறு வருஷம் கழிச்சும் உங்க பேரைச் சொல்லும்" என்றார் அவனிடம். நூறு வருஷம் எதனால் இருக்கும் என்று கேட்கவில்லை. எனக்கு அடிவயிற்றில் யாரோ அடுப்பு மூட்டினார்கள்.

மறுநாள் அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். நான் ஒட்டுத்தாளில் ஒரு துண்டு வெட்டி அந்தக் கையெழுத்தின் மேல் ஒட்டினேன். பை முழுக்க நான்கு பூச்சு. பிறகு தாளை உரித்தேன். மரங்கொத்திக்குக் கவசம், கையெழுத்து அம்மணம். ஒரு நல்ல மழை போதும்.

அந்த மாதமே பெய்தது. டாக்டரம்மா பையோடு வந்து நின்றார்.

"கையை விட்டுப் போயிடுச்சுங்க. ரெண்டு தெரு மிதந்து போயி பஸ் ஸ்டாப்புல நின்னுச்சு. ஒரு இறகு கலையல பாருங்க. யாரு பூசுனது?"

பத்தொன்பது வருடம் காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பையை வெளிச்சத்தில் சாய்த்தார்.

"கையெழுத்து மட்டும்தான் போச்சு. அந்த இடம் ஸ்கேல் வச்சு வெட்டுனாப்புல கட்டமா இருக்கே, ஏன்?"

பல் இடுக்கில் பார்த்துப் பழகிய கண். ஒட்டுத்தாளுக்கு ஓரம் உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. பூசியது நான் என்றால் அந்தக் கட்டமும் என்னுடையது. நானில்லை என்றால் பாராட்டு போயிற்று.

மைத்துனன் பையை வாங்கி, கட்டத்தை விரலால் தடவினான். என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"என் தப்புங்க. கையெழுத்துக்கு இடம் விடச் சொன்னது நான்தான். கடைசியா போட்டேன், மேல பூசச் சொல்ல மறந்துட்டேன். மத்ததெல்லாம் மாமா கை."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "தப்பை இப்படி ஒத்துக்கிற மனுஷன நான் பார்த்ததே இல்லைங்க" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவன் புதிதாகக் கையெழுத்துப் போட்டுப் பையை என் பக்கம் நகர்த்தினான்.

"நீயே பூசேன், மச்சான்."

"எனக்கு வராது மாமா. கலைஞ்சிடும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்காகிட்ட சொல்ல மாட்டேன்" என்றான்.

பஞ்சை எடுத்து ஒற்றினேன். நான்கு பூச்சு, ஒரு குமிழி இல்லை. ஒவ்வொன்றும் காயும்வரை அவன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். முன்னெல்லாம் அவன் படம் வரைகிறவன் என்றுதான் வயிறு எரியும். இப்போது நல்லவன் வேறு ஆகிவிட்டான்.