மேவிஸ் என்ற பெயருக்கு எதிரே

மின்சாரம் போய் இரண்டு மணி நேரமும் ஐந்து நிமிடமும் ஆகியிருந்தன. மின்வெட்டு மொத்தம் இரண்டரை மணி நேரம். கேப் டவுனில் எல்லோர் கைபேசியிலும் அதற்கு அட்டவணை இருக்கிறது. பார்க்காமல் லிஃப்டில் ஏறியது மெர்வின்தான். எழுபத்தொரு வயதில் மூன்று மாடி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதற்கும் நடுவே, கம்பிக் கதவுக்குப் பின்னால், அவரும் ஷமீலாவும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜூபிலி கிளப்பை இப்போது நடத்துபவள் ஷமீலா. நாளையோடு அதற்கு நாற்பத்தைந்து வயது. ஆண்களை விரும்பும் ஆண்களும் பெண்களை விரும்பும் பெண்களும் பயமில்லாமல் ஆட, அந்த நாளில் நகரத்திலேயே இருந்த ஒரே மாடி. வாசலில் பித்தளைத் தகடு பதிக்கிறார்கள். இறந்துபோன பழைய ஆட்களின் கிளப் பெயரும் அதற்கு எதிரே நிஜப் பெயரும் அதில் வரும். ஐந்து மணிக்குள் எழுத்து வெட்டுபவருக்குப் பட்டியல் போயாக வேண்டும்.

"மூச்சு முட்டுதா அங்கிள்?"

"முட்டினாலும் எங்க போறது."

"போலீஸ் வந்தா பன்னெண்டு பேரு இதுக்குள்ளதான் ஒளிவீங்களாமே?"

"பதினாலு. பாதிப் பேரு விரிஞ்ச பாவாடை. அதுலதான் மூச்சு முட்டும். அப்புறம், போலீஸ்னு சொல்ல மாட்டோம். பிரிசில்லா வர்றான்னு சொல்லுவோம்."

ஷமீலா சிரித்தாள். பிறகு மடியிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு பேருக்கு நெசப் பேரு கெடைச்சிருச்சு. மேவிஸுக்கு மட்டும் இல்ல."

"மேவிஸ்னே போட்டுரு."

"கூடாது அங்கிள். பேரில்லாத பொணம்னு பொதைச்சாங்க. தகட்டுலயும் அப்படியேவா விடறது?"

மேவிஸ், பெண் வேடத்தில் வாசலில் நின்ற ஆள். ஜூபிலியில் யாரும் தன் பெயரைச் சொல்லக் கூடாது. முதல் தடவை படியேறி வருகிறவனின் முகவாயைப் பிடித்து, விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்து, மேவிஸ் ஒரு பெண் பெயர் வைப்பாள். உள்ளே அதுதான் பெயர். பிடிபட்டால் இன்னொருவனைக் காட்டிக்கொடுக்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஒருவர் செத்தால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துமூன்றில் மேவிஸ் போலீஸ் காவலில் இறந்தாள். அவள் செருப்பு அளவுகூடத் தெரிந்தவர்கள் ஐம்பது பேர் இருந்தார்கள். எந்தப் பெயரைச் சொல்லி உடலைக் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மெர்வினுக்குத் தெரியும்.

சொன்னால் அடுத்த கேள்வி வரும்: உங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் பதில் சொன்னால், நாளை பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். ஐவோன் காலையில் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிப்பாள். நாற்பத்தாறு வருட மனைவி. தேவாலயத்தில் அவருக்கு முதல் வரிசை. ஷமீலாவுக்கோ அவர் கோனி அங்கிள், அவ்வளவுதான். அதுவும் மேவிஸ் வைத்த பெயர். அவர் முதல் தடவை வந்த அன்று, முகவாயைப் பிடித்துத் திருப்பிய கை சட்டென்று விலகியது. "கோனி," என்றாள் மேவிஸ், ஒரு கணம் கழித்து. "உள்ள போ. வாசல்ல நின்னு முழிக்காத." ஐந்து வருடம் அந்த வாசலில் அதற்கு மேல் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

மேவிஸின் போட்டோ ஒன்றைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் இன்று வந்தார்.

ஷமீலா அதைக் கைபேசி வெளிச்சத்தில் பிடித்தாள். "இது கிளப்புல எடுத்தது இல்லையே. விக் இல்ல, கோட்டு போட்டிருக்காங்க. கையில கொழந்தை வேற. யாரு கொழந்தை?"

அவர் கம்பிக் கதவைப் பார்த்தார். ஒரு சாண் இடைவெளியில் மூன்றாவது மாடியின் தரை தெரிந்தது. அதில் ஒரு பூனைதான் நுழைய முடியும்.

"ஞானஸ்நானத்தன்னிக்கு எடுத்தது," என்றார்.

"அது சரி. யாரு கொழந்தை?"

"என் மக."

ஷமீலா அவரைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பார். அதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு.

போட்டோவை மடியிலிருந்த தாளின் மேல் வைத்தாள். கைபேசி அடித்தது. எழுத்து வெட்டுபவர்.

"ஆமா சார், முப்பத்தெட்டுதான். மேவிஸுக்கு எதிர காலியாவே விட்டுருங்க. இல்ல சார், இனிமே கெடைக்காது."

"வைக்காத," என்றார் மெர்வின்.

அவள் கைபேசியைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"நெவில். நெவில் யாஃப்தா."

"நெவில் யாஃப்தா," என்று அவள் கைபேசியில் சொன்னாள். பிறகு அதைக் கையால் மூடிக்கொண்டாள். "நிச்சயமா தெரியுமா அங்கிள்? பித்தளை. அழிக்க முடியாது."

"என் பேரு மெர்வின் யாஃப்தா. அவன் என் தம்பி. அவன் சட்டைப் பையில நான் வேலை பாத்த ஸ்கூல் விலாசம் இருந்துச்சு. போலீஸ் கூட்டிட்டுப் போயி காட்டினாங்க. மூடியிருந்த துணிய முழுசா எடுத்துட்டுத்தான் காட்டினாங்க." அவர் போட்டோவைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். "இது யாருன்னே தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்."