ஒரு மூச்சு நேரப் பிரபு

எல்டர்மியர் கோட்டையைச் சூழ்ந்த சதுப்பு நிலத்தில் பனி உருகத் தொடங்கியிருந்தது. நாணற்புதர்களின் மேல் படர்ந்த மூடுபனி சாளரங்களின் வழியே பெருங்கூடத்திற்குள்ளும் புகுந்து, கூடியிருந்தோரின் முழங்கால் வரை மிதந்தது. உறக்கத்தினின்று முற்றிலும் விடுபடாதவர்களைப் போல் அனைவரும் தாழ்ந்த குரலிலேயே பேசினர்.

ஓர் அழுகுரலை எவரேனும் கேட்டதுண்டா என்று அறியவே அவர்கள் அழைக்கப்பட்டிருந்தனர்.

எல்டர்மியர் பிரபு என்னும் பட்டம் தந்தையரிடமிருந்து மைந்தர்க்கு இறங்கி வந்து, ஆண்மகவு இல்லாத ரால்ஃப் பிரபுவிடமிருந்து அவர்தம் ஒரே மகள் இடோனியாவை அடைந்தது. கிறிஸ்துமசுக்குப் பிந்திய கடும்பனிக் காலத்தில், ஒரு நண்பகலில், இடோனியா பேற்றறையில் உயிர் நீத்தாள். அவள் கண் மூடியபின் மருத்துவச்சி ஆண் குழந்தையை வெளியே எடுத்து, ஞானஸ்நானமாக விரைந்து நீர் தெளித்து, எட்மண்ட் எனப் பெயரிட்டாள். சற்று நேரத்தில் அக்குழந்தையும் தாயைப் பின்தொடர்ந்தது.

நாட்டுச் சட்டப்படி, குழந்தை நான்கு சுவர்களுக்குள் அழுததை ஆடவன் ஒருவன் தன் செவியால் கேட்டிருந்தால், இடோனியாவின் கணவன் வாரின் தன் ஆயுள் முழுவதும் கோட்டையை ஆளலாம்; அவனுக்குப் பின்னரே அது இடோனியாவின் அத்தை சிபில்லாவைச் சேரும். கேட்டிராவிடில், யாவும் சிபில்லாவை உடனே சேரும். இதில் பெண்களின் சாட்சியம் செல்லாது. பேற்றறையிலோ பெண்களைத் தவிர வேறெவரும் நுழைவதில்லை.

சிபில்லா அன்று அவ்வறையில்தான் இருந்தாள். குளிர்காற்று தாயைத் தாக்காதிருக்கும்பொருட்டுச் சுவர்களில் கம்பளங்களைத் தொங்கவிட்டு, சாவித்துளையைக்கூடப் பஞ்சினால் அடைத்தவள் அவளே. குடும்பத்து மூத்த பெண்கள் வழிவழியாகச் செய்துவந்த கடமை அது. ஆனால், காற்று உள்ளே வராத அறையிலிருந்து ஒலியும் வெளியே செல்லவில்லை.

மன்னரின் நில அதிகாரி முதலில் மாவு ஆலைக்காரன் ஹாமோவை வினவினார்.

"நீ என்னப்பா கேட்ட?"

"கதவுக்கு வெளியதாங்க நின்னேன். ஒரு முனகல் கேட்டுச்சு. அப்புறம் பாத்தா, நம்ம ஆலனோட குறட்டை."

"நான் தூங்கவே இல்லீங்க," என்றான் அருகில் இருந்த ஆலன். "கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டிருந்தேன்."

"வாயத் தொறந்து வச்சுகிட்டா?"

சிரிப்பு எழுந்து, மூடுபனியில் அமிழ்ந்தது. அதிகாரி வாரினை நோக்கினார்.

"நீங்க கேட்டீங்களா?"

"இல்லீங்க. படிக்கட்டுல நின்னேன். பனி விழுறதுதான் கேட்டுச்சு." இளைஞனாகிய வாரின் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஐயா, நிலத்த அத்தையே எடுத்துக்கட்டும். எம்புள்ள பேர மட்டும் பிரபுக்கள் வரிசையில சேத்துடுங்க. அம்மா போனப்புறம் ஒரு மூச்சு நேரமாவது பட்டம் அவன்கிட்டதான இருந்துச்சு."

"அப்படிப் பிரிக்க முடியாதுங்க. அவன் அழுதான்னா கோட்டை உங்களுது. கோட்டை உங்களுது இல்லைன்னா, அவன் அழவே இல்ல."

சிபில்லா சாளரத்தின் புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இக்கோட்டையின் கோபுர அறையில் பிறந்தவள் அவள். சிறுமியாக இருக்கையிலேயே மணம் முடித்துச் சதுப்பின் அக்கரைக்குப் படகில் அனுப்பப்பட்டாள். அன்று தொட்டு ஒவ்வொரு மாலையும் நீருக்கப்பால் அக்கோபுரம் சாம்பல் நிறத்தில் தோன்றி மறைவதைக் கண்டே வாழ்ந்தாள். உறக்கத்தில் அதன் படிகளில் ஏறுவாள். கதவைத் தொடுமுன் விழித்துவிடுவாள்.

இறுதியாகக் கூரை வேலை செய்யும் தர்ஸ்டன் அழைக்கப்பட்டான்.

"நீ எங்க இருந்த?"

"கூரை மேலங்க. பனியத் தள்ளிட்டிருந்தேன். வெரல் மரத்துப்போச்சு. சரின்னு அந்த அறையோட புகைபோக்கிகிட்ட போய்க் குளிர் காஞ்சேன். அப்பதான் உள்ளேருந்து மெல்லிசா ஒரு சத்தம். பூனைக்குட்டின்னு நெனச்சேன்."

"புகைபோக்கிக்குள்ள பூனையா?" என்றான் ஹாமோ. "இந்நேரம் வறுவலாயிருக்குமே."

"அதான் குனிஞ்சு காதக் குடுத்தேன். கண்ணெல்லாம் எரிஞ்சுது. அப்ப ஒரு அம்மா பேசுனாங்க. அத..." தர்ஸ்டன் தொப்பியைக் கசக்கினான். "அவங்கள வச்சுகிட்டே எப்படிங்க சொல்றது?"

அனைவரும் சிபில்லாவைத் திரும்பிப் பார்த்தனர். அவளுடைய மகன் ஜோர்டன் அவள் செவியருகே குனிந்தான்.

"அம்மா, இல்லைன்னு தலையாட்டுங்க, போதும். நாளைக்கே சாமானையெல்லாம் படகுல ஏத்திடலாம்."

"சீமாட்டி," என்றார் அதிகாரி, "உங்க வார்த்தைய நான் சாட்சியா எடுத்துக்க முடியாது. ஆனா இவன் பொய் சொல்றான்னு நீங்க சொன்னா, இவனையும் நான் நம்ப முடியாது."

சிபில்லா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். அந்த வெண்ணிற நண்பகல் அவற்றில் இன்னும் கிடப்பதாகத் தோன்றியது: அடுப்பின் செந்தழல், கம்பளங்களில் அசையாது நின்ற மான்கள், அவற்றின் நடுவே வெதுவெதுப்பான சிறு கனம் ஒன்று. அக்கனம் ஒரு முறை வாய் திறந்தது. பின்பு, பறவை பறந்து சென்ற கிளை போல் அவள் கைகள் இலேசாயின.

"சொல்லுப்பா தர்ஸ்டன். நான் என்ன சொன்னேன்?"

"'அழாதீங்க பிரபு, எல்லாம் உங்களுதுதான்'னு சொன்னீங்க. 'நான் ஆசப்பட்டதும் உங்களுதுதான்'னு சொன்னீங்க." அவன் தயங்கினான். "அப்புறம் ஒரு தாலாட்டு பாடினீங்க. அது, மன்னிச்சுக்கணும், பாட்டு மாதிரியே இல்ல."

ஜோர்டன் தாயின் முழங்கையைப் பற்றினான். அவள் அக்கையை மெல்ல விலக்கினாள்.

"எனக்கு எப்பவும் பாட வராது," என்றாள் சிபில்லா.

அதிகாரி எழுந்து, குழந்தை அழுதது என அறிவித்தார்.

படகுத்துறைவரை வாரின் உடன் வந்தான். கயிறு அவிழ்க்கப்பட்டபோது படகின் விளிம்பைப் பற்றினான்.

"அத்தை, கோபுர அறையில வந்து இருங்களேன். எவ்ளோ நாள் வேணும்னாலும்."

"உன் வீட்டு விருந்தாளியாவா? வேணாம்ப்பா. வந்தா எங்க வீட்டுக்குன்னுதான் வருவேன். நீ நல்லா இரு. அதுக்காக ரொம்ப நாள் இருந்து தொலைக்காத."

இடோனியா இறந்தபின் முதன்முறையாக அவன் சிரித்தான். ஜோர்டன் தாயின் பக்கம் திரும்பாமலே துடுப்பை வலித்தான்.

அவ்வாண்டு இறந்தோர் திருநாளன்று சிபில்லா மீண்டும் படகில் வந்து, தேவாலயத்தின் பின்வரிசையில் நின்றாள். பாதிரியார் எல்டர்மியர் பிரபுக்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரைத்தார். ரால்ஃப் என்றார். இடோனியா என்றார். பின்னர் எட்மண்ட் என்று சொல்லி, மூச்செடுப்பதற்காக நிறுத்தினார்.

முன்வரிசையில் வாரின் தலை குனிந்தான். சிபில்லா அந்த மூச்சு முடியும்வரை காத்திருந்து, மூடுபனியில் படகை நோக்கி நடந்தாள். பாதி வழியில் திரும்பியபோது கோபுரம் தெரியவில்லை. அது நிற்கும் திசை மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.