ஒழுகாத வீடு

அந்தக் குடும்பத்துக்கு இரண்டு வீடுகள். முன்னால் உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒன்று, கொல்லைப்புறத்தில் போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று. இரண்டையும் கட்டியவர் ஒரே கொள்ளுத்தாத்தாதான். ஆனால் மனிதருக்கு எதில் அக்கறை என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். முன் வீட்டுக்குச் செங்கல், மரச்சட்டம், ஓடு. பின்னால் இருந்த குடும்பக் கல்லறைக்கோ அடி முதல் முடி வரை கருங்கல். உள்ளே நின்றால் சுவர் முழுக்க வரிசை வரிசையாக மாடங்கள். ஆள் போய்ச் சேர்ந்தால் பெட்டியை ஒரு மாடத்துக்குள் தள்ளி, வாயைப் பலகைக்கல்லால் மூடி, அதில் பெயரை வெட்டிவிடுவார்கள். வாழ்வது கொஞ்ச காலம், படுத்துக் கிடப்பதுதான் நெடுங்காலம் என்று கணக்குப் போட்டிருக்கிறார் பெரிய மனுஷர். அந்தக் கொஞ்ச காலத்திலும் மழை பெய்யும் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

முன் வீட்டில் இப்போது குடியிருப்பது சின்ன மருமகள் ஒருத்திதான். பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் கொல்லைப்புறத்துக்குக் குடிபோய்ப் பல வருடமாகிறது. தையல்தான் அவளுக்குச் சோறு போட்டது. மழை பிடித்தால் தையல் மெஷினைக் கூடத்திலிருந்து அறைக்கும், அறையிலிருந்து நடைக்கும் தள்ளிக்கொண்டு குட்டி போட்ட பூனை மாதிரி அலைவாள். போன மழையில், நாளைக்குக் கல்யாணம் என்று வாங்க வந்த பெண்ணின் உடுப்பில், தோளில் பார்த்து, ஓட்டு மண்ணோடு ஒரு சொட்டு விழுந்தது. பெண்ணின் அம்மா வாசலில் நின்று பேசிய பேச்சைத் தெருவே கேட்டது. இன்னொரு உடுப்பு அப்படிக் கெட்டால் யாரும் அவளை நம்பித் துணி தரமாட்டார்கள். அவள் ராஜ்யமா கேட்டாள்? நனையாத ஒரு மூலை கேட்டாள்.

கேட்டது யாரிடம்? மூத்தாரிடம். புருஷனுடைய அண்ணன், குடும்பச் சொத்துக்கு அவர்தான் பொறுப்பு. லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் அவர் வாசம். ஊர் அவருக்கு வைத்த பெயர் கல்வெட்டு. எதைக் கொடுத்தாலும் பெயரை வெட்டிக் கொடுப்பார். பொதுக்குழாய் ஒன்று போட்டுக் கொடுத்தார். மேலே வெட்டியிருப்பதைப் படித்து முடிப்பதற்குள் குடம் நிரம்பி வழியும். கல்லறையில் தன் பெயரையும் முன்கூட்டியே வெட்டி வைத்துவிட்டார், செத்த வருடத்துக்கு மட்டும் இடம் விட்டு. சமூகச் செம்மல், கொடைக் கடல், பண்பின் சிகரம் என்று நீண்ட பட்டங்கள் ஒரு கல்லில் அடங்கவில்லை. அதனால் இரண்டு மாடம் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டாவது மாடம் அவள் புருஷனுக்குப் பக்கத்து மாடம். முறைப்படி அவளுக்கு வரவேண்டியது.

அந்த மாடத்தைக் கேட்டதற்கு, "உனக்கு என்னம்மா இப்ப அவசரம்? அப்புறம் பாத்துக்கலாம்" என்று முடித்துவிட்டார். அவளும் அன்றைக்கு விழுங்கிக்கொண்டாள். வலிக்காமல் இல்லை. உயிரோடு இருக்கிறவளுக்கே இடமில்லாதபோது செத்த பிறகு வேண்டிய இடத்துக்கு எங்கே போய்ச் சண்டை போடுவது?

கூரையைப் பற்றிக் கேட்டபோதும் அதே குழைவான குரல்தான்.

"பரம்பரை வீடும்மா அது. ஒரு ஓடு மாத்தினாலும் வரலாறு போயிடும்."

"தண்ணி வருது அத்தான்."

"தாத்தா காலத்துலயும் வந்த தண்ணிதானே?"

எருமை மாட்டின் மேல் மழை பெய்தாற்போல. எருமையாவது நனையும், இவர் அதுவும் இல்லை.

கல்வெட்டு சும்மா இருக்கவில்லை. இரண்டு கட்டடமும் மரபுச் சின்னம் என்று அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டார். துறையிலிருந்து ஓர் அதிகாரி அளவுநாடாவோடு வந்தார். முன் வீட்டின் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடி மேல் சொத்தென்று ஒரு சொட்டு. துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஆள் புழங்குற கட்டடத்துல நாங்க கை வைக்க முடியாதும்மா. பின்னாடி இருக்கறதுக்குத்தான் செய்ய முடியும். அங்க யாரும் குடியில்ல பாருங்க."

"அப்ப நான் செத்தாத்தான் கூரை மாத்துவீங்களா சார்?"

அந்த மனிதர் கேலி என்று எடுத்துக்கொள்ளவே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "முழுசா காலியானா பரிசீலிக்கலாம்" என்றார்.

ஆகவே செத்தவர்களுக்குக் கூரை மாற்றினார்கள். கல்லுக்கு மேல் செப்புத் தகடு, தகட்டுக்கு மேல் பூச்சு. பார்க்க வருகிறவர்களுக்காக மின்விளக்கு. காற்றுக்கு வலை போட்ட சன்னல். செத்தவர்களுக்குக் கொசு கடிக்கக்கூடாதல்லவா! வாசலில், மரபுச் சின்னம் என்று துறை பதித்த, கல்வெட்டின் பெயரும் அத்தனை பட்டங்களும் பொறித்த பித்தளைத் தகடு. திறப்பு விழாவில் அவர் மைக்கைப் பிடித்தார்.

"யாரும் இதைக் கல்லறைன்னு சொல்லாதீங்க! இது எங்க வீடு! இந்தக் குடும்பத்துல பொறந்தவங்களுக்கும் சரி, வாழ வந்தவங்களுக்கும் சரி, இங்க எப்பவும் இடம் உண்டு. இந்தக் கதவு யாருக்கும் அடைக்காது!"

கைதட்டல் அடங்கவே இல்லை. தண்ணீர்த் தட்டோடு ஓரத்தில் நின்ற சின்ன மருமகள் ஒவ்வொரு வார்த்தையையும் காதில் வாங்கிக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அடுத்த மழை வந்தது. கூடத்தில் மூன்று வாளி, அறையில் இரண்டு. மெஷின்மேல் போர்த்திய பிளாஸ்டிக்கில் குளம் கட்டியது. தைத்துக்கொண்டிருந்த கல்யாண உடுப்பை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். கல்லறைக்குள் ஒரு சொட்டு இல்லை. தரை காய்ந்து சிலுசிலுவென்று கிடந்தது. விளக்கைப் போட்டாள். அந்த வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்க முடிந்தது. போதாதா? மழை விட்டதும் மெஷினைக் கொண்டுவந்தாள், பிறகு பாயையும் அடுப்பையும்.

பேய் பயமா? நல்லா இருக்கே! அந்தக் குடும்பத்து ஆண்கள் உயிரோடு இருந்தபோதே ஒரு வேலைக்கும் எழுந்திருக்கமாட்டார்கள். செத்த பிறகா எழுந்துவரப் போகிறார்கள்?

புருஷன் பெயர் வெட்டிய கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "இத்தனை வருஷம் கழிச்சு நமக்கு ஒழுகாத வீடு கெடச்சுது பாருங்க" என்றாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பக்கத்து மாடத்து வாயில் கல்வெட்டின் பட்டக்கல்லைச் சும்மா சாய்த்துத்தான் வைத்திருந்தார்கள். துணி கொண்டுவந்த பெண்கள் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். கவிழ்த்து நாலு செங்கல்மேல் வைத்தால் துணி வெட்டுவதற்கு அருமையான மேசை. பண்பின் சிகரம் தரையைப் பார்த்தபடி கிடந்தது. காலியான மாடத்தில் துணிகளை அடுக்கினாள். அளவு கொடுக்க வந்தவர்கள் முதலில் வாசலிலேயே தயங்கினார்கள். அப்புறம், சன்னலோரம் காற்று நன்றாக வருகிறது என்று உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சேதி கல்வெட்டின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? மனைவியோடு வந்து இறங்கினார். கொடியில் தொங்கிய பாவாடைகளைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த தன் கல்லைப் பார்த்தார். முகம் வெந்துவிட்டது.

"என்னம்மா இது அக்கிரமம்? செத்தவங்க இருக்கற எடத்துல!"

"நீங்கதானே அத்தான் சொன்னீங்க, இது நம்ம வீடுன்னு? வாழ வந்தவங்களுக்கும் இடம் உண்டுன்னு மைக்ல சொன்னீங்களே."

"அது பேச்சுக்குச் சொல்றதும்மா!"

"நான் மெய்யாவே வந்துட்டேன்."

அரசாங்கத்தை வைத்து இவளைக் கிளப்பிவிடலாம் என்று நினைத்து, அங்கேயே நின்று அதிகாரிக்குப் போன் போட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். அதிகாரி வந்தார். அடுப்பைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், அளவெடுக்க நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"ஆள் புழங்குற கட்டடம் ஆயிடுச்சே சார். மரபுச் சின்னப் பட்டியல்லேருந்து எடுத்துடணும். அந்தப் பித்தளைத் தகட்டையும் கழட்டிடுவோம்."

"தகட்டையா?" என்று பதறினார் கல்வெட்டு. "அவளைக் காலி பண்ணச் சொல்லுங்க சார்!"

"குடும்பத் தகராறுல நாங்க தலையிட முடியாது. அம்மா போயிட்டாங்கன்னா தகடு இருக்கும். இருந்தாங்கன்னா போயிடும்."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றார் கல்வெட்டு. அவருடைய மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "ஓடு மாத்திக் குடுத்துத் தொலைங்களேன்! ஊரே சிரிக்குது."

"ஐயையோ, வேண்டாம்க்கா" என்றாள் சின்ன மருமகள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. "வரலாறு போயிடும்."

"போனா போகுது!" என்று கத்தினார் கல்வெட்டு.

கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து காப்பாற்றி வந்த வரலாறு அந்த வாரமே ஏணி வைத்து இறக்கப்பட்டது. புது மரச்சட்டம், புது ஓடு. வேலை முடிந்தது என்றார்கள். அவள் நகரவில்லை. மழை பெய்யட்டும், பார்க்கலாம் என்றாள். பெய்தது. முன் வீட்டுக் கூடத்தில், அறையில், நடையில் எல்லாம் தரையைக் கையால் தடவிப் பார்த்தாள். கை காய்ந்தே இருந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இதற்காகவா ஒருத்தி செத்தவர்களோடு குடித்தனம் பண்ண வேண்டியிருந்தது?

மறுநாள் சாமான்களைக் கட்டினாள். மெஷின் போனது, பாய் போனது, அடுப்பு போனது. கல்வெட்டு இரண்டு ஆட்களோடு வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தார். கடைசித் துணிமூட்டை மாடத்தை விட்டு வெளியே வந்ததும் அவர் ஆட்களுக்குக் கை காட்டினார்.

"அந்தக் கல்லைத் தூக்கி அதோட எடத்துல வைங்கப்பா."

அவள் மூட்டையை இறக்கிவைத்தாள். புருஷனுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த அந்த மாடத்தின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"இது இப்படியே காலியா இருக்கட்டும் அத்தான்."

"ஏன்? அதான் கூரை போட்டாச்சே? இன்னும் என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். இப்ப நீங்க போகச் சொன்னீங்க, போறேன். ஆனா திரும்பி வருவேன். அப்ப எந்தக் கூரையைப் போட்டுக் குடுத்தும் என்னைக் கெளப்ப முடியாது." அவள் வாசலில் இருந்த தகட்டை ஒரு பார்வை பார்த்தாள். "கல்லை வெச்சீங்கன்னா சொல்லுங்க, இன்னைக்கே பாயைத் திரும்ப விரிச்சுடறேன்."

கல்வெட்டு தகட்டைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். தூக்கிய கல்லோடு நின்ற ஆட்களில் ஒருவன் கேட்டான்.

"எங்க சார் வைக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க, கனக்குது."

அவள்தான் சொன்னாள், முன் வீட்டுக் கூடத்தில் சன்னலோரமாக, எழுத்து கீழே இருக்கிற மாதிரி கவிழ்த்து வைக்கச் சொல்லி. துணி வெட்ட அந்தக் கல் பழகிவிட்டதாம்.