மகன் திரும்பி வந்த அத்தியாயம்

நாவலாசிரியருக்குக் கதை கட்ட வராது. இது சபைக்கே தெரிந்த விஷயம். பாடகர் குழுவில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால், சபைப் பத்திரிகையில் அவர் எழுதும் தொடர்கதையில் அடுத்த மாதமே அது வந்துவிடும். பிரசங்கத்தின்போது பொருளாளர் குறட்டை விட்டதுகூட வந்தது. பாவம், மனுஷன் அதிலிருந்து காப்பி குடித்துவிட்டுத்தான் கோவிலுக்கு வருகிறார்.

தன் வீட்டையாவது விட்டுவைத்தாரா? வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற மகனைக் கைநீட்டி அடித்தது, அவன் செருப்புகூடப் போடாமல் வெளியேறியது, வருஷக்கணக்கில் ஒரு தகவலும் இல்லாதது, எல்லாம் அப்படியே அச்சில் ஏறின. அந்த அடியைப் படித்த நாளிலிருந்து அவர் மனைவி பத்திரிகையைத் தொடுவதில்லை.

"அடிச்சதும் நீங்க, அதை எழுதி அழுறதும் நீங்க," என்றாள்.

இந்த மாதம் அவருக்குத் தாங்கவில்லை. வாழ்நாளில் முதல்தடவையாக நடக்காத ஒன்றை எழுதினார். மகன் திரும்பி வருகிறான். இளைத்துப்போய் வாசலில் நின்று, "அம்மா இருக்காங்களா?" என்று கேட்கிறான். எழுதிவிட்டு விசும்பி விசும்பி அழுதார். அத்தோடு விட்டிருக்கலாம். அச்சுக்கும் கொடுத்துத் தொலைத்தார்.

ஞாயிறு ஆராதனையில், நன்றி ஜெபத்துக்கு முன் போதகர் பத்திரிகையைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "நம்ம எழுத்தாளர் வீட்டுப் பிள்ளை திரும்பி வந்துட்டார். இத்தனை வருஷமா நாம ஜெபிச்சதைக் கர்த்தர் கேட்டுட்டார்."

சபை மொத்தமும் ஸ்தோத்திரம் சொன்னது. இல்லை என்று சொல்ல நாவலாசிரியர் எழுந்தார். பொருளாளர் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெஞ்சில் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அப்படியொரு சந்தோஷத்தை அவள் முகத்தில் அவர் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். "அது கதைம்மா. நானா எழுதினது."

"உங்களுக்குக் கதை கட்ட வருமாக்கும். எங்க வச்சுப் பார்த்தீங்க? என்கிட்ட சொல்ல வேண்டாம்னானா?"

"நான் அவனைப் பார்க்கவே இல்லம்மா."

"ஆராதனை முடிஞ்ச கையோட பொய் சொல்லாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் மகனின் அறையைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து, தொடாத பத்திரிகையைக் கையில் எடுத்தாள். எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் மெதுவாகப் படித்தாள். ஓரிடத்தில் விரலை வைத்தபடி நிமிர்ந்தாள்.

"இளைச்சுப்போய்னு எழுதியிருக்கீங்களே. ரொம்பவா இளைச்சுட்டான்?"

போதகரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம். பத்திரிகையில் மறுப்புப் போடலாம். இவளிடம் என்னத்தைச் சொல்வது? அவள் வரியிலிருந்து விரலை எடுக்காமல் காத்திருந்தாள்.

"ரொம்ப இல்ல," என்றார். "கொஞ்சம்தான்."