கையெழுத்தில் பிறந்த அண்ணன்

சிவசங்கரிக்கு அண்ணன் பிறந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது, அண்ணனுக்கு நாற்பத்தொன்று. பிறப்பு நடந்த இடம் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அட்மிஷன் கவுன்டர். அதே நேரத்தில் வரதய்யபாளையத்தில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அவள் அம்மா கமலம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வாயு என்று நினைத்துப் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள். வாயு இல்லை, பிள்ளை வலி, எனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டுக் கமலம்மா உள்ளே போய்ப் பாயை விரித்துக்கொண்டாள்.

அந்த அண்ணனின் பெயர் குவோன் தே-ஹோ. கொரியாவின் தேகு நகரத்திலிருந்து, ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஏசி உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றுக்குப் பொறியாளராக வந்தவர். சிவசங்கரி அதே கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருந்தாள். சென்னையில் ஒரு வகுப்புக்குப் போய்க் கொரிய மொழி கற்றிருந்ததால் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு பிடிப்பதிலிருந்து பல்வலி வரை அவளிடம்தான் வரும். மற்றவர்கள் வேலை முடிந்ததும் நன்றி சொல்லிப் போய்விட்டார்கள். தே-ஹோ மட்டும் சாப்பாட்டு நேரத்தில் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவளுடைய கருவாட்டுக் குழம்பை அவர் சாப்பிட, அவர் கொண்டுவந்த முட்டைக்கோஸ் ஊறுகாயை அவள் சாப்பிட, சிநேகிதம் அப்படியே ஊறிக்கொண்டு வந்தது. மணமுறிவு ஆனவர். அம்மா ஒருத்தி தேகுவில் முதியோர் இல்லத்தில் இருந்தாள். ஞாபகம் போய்விட்டதால் தனக்கு மகன் இருப்பதே அவளுக்குத் தெரியாது. கொரியர்களும் நம்மைப் போலவே அப்பா என்றுதான் கூப்பிடுவார்களாம் என்று ஊரில் எல்லாரும் அதிசயப்பட்டார்கள். அந்த ஊரில் யாரும் அப்பனை அப்பா என்று கூப்பிடுவதில்லை, நைனா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது அதிசயத்துக்குக் குறுக்கே வரவில்லை.

கம்பெனியில் ஆடிட் நடந்த வாரம் தே-ஹோ வயிற்று வலியை யாரிடமும் சொல்லாமல் மறைத்தார். ஆடிட் முடிந்த கையோடு மெஷின் பக்கத்தில் சுருண்டு விழுந்தார். ஆம்புலன்ஸில் சிவசங்கரி கூட ஏறிக்கொண்டாள். காளஹஸ்தி தாண்டும்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அது கொரிய மொழியா முனகலா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் குடல்வால் வெடித்திருக்கிறது, உடனே ஆபரேஷன், ரத்தமும் ஏற்றவேண்டியிருக்கும் என்றார்கள். ரத்தமோ ஏபி நெகட்டிவ். திருப்பதியில் அன்று அது ஒரு பாட்டில்கூட இல்லை. கம்பெனி மேலாளர் விமானத்தில் இருந்தார். தேகுவில் போனை எடுத்த பெண், அந்த அம்மா தூங்குகிறார், விழித்தாலும் பயனில்லை என்றாள்.

கவுன்டர்க்காரர் ஃபாரத்தில் ஒரு கட்டத்தை விரலால் தட்டிக் காட்டினார். ரத்த சொந்தம் கையெழுத்துப் போடாமல் ஃபைல் உள்ளே போகாதாம். சிவசங்கரி பேனாவை வாங்கி, உறவுமுறை என்ற இடத்தில் தங்கை என்று எழுதினாள்.

"அவுரு கொரியா. நீ வரதய்யபாளையம். தங்கச்சின்னா எப்டிம்மா?" என்றார் கவுன்டர்க்காரர்.

"கூடப் பொறந்தா தங்கச்சிதானே சார்."

அவர் பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மை காயும் அளவுக்கு நேரம் ஆனது. "ஆமா, காது அப்டியே கீது" என்று சொல்லி முத்திரை குத்தினார். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது சிவசங்கரிக்கு அவள் நைனாவின் காதுதான் இருந்தது, தலையோடு ஒட்டிய சின்னக் காது. இப்போது இரண்டும் கொஞ்சம் விரிந்து, நுனி மடங்கி, தே-ஹோவின் காதைப் போல இருந்தன. தோடு மட்டும் பழைய தோடு. ரத்தம் எடுக்கும் அறையில் சோதித்துப் பார்த்தபோது அவள் ரத்தம் ஏபி நெகட்டிவ் என்று வந்தது. கல்லூரி நாளிலிருந்து ஓ பாசிட்டிவ் என்று நாலைந்து முகாமில் ரத்தம் கொடுத்தவள் அவள். அதைச் சொன்னபோது, பழைய கார்டில் தப்பாக அடித்திருப்பார்கள் என்று சொல்லி அந்தப் பெண் ஊசியைக் குத்தினாள். அன்று மாலை தே-ஹோ பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் வீட்டுக்குப் போனபோது கமலம்மா தலையில் துணி கட்டிக்கொண்டு பூண்டுக் குழம்பும் சோறும் பத்தியமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "புள்ள எப்டி கீறான்?" என்று முதலில் கேட்டவள் அவள்தான். தெருப் பெண்கள் சர்க்கரையும் பழமும் கொண்டுவந்து, போனில் போட்டோவைப் பார்த்து, யார் சாடை என்று விவாதித்தார்கள். கஷ்டம் சிவசங்கரியின் நைனா ஏகாம்பரத்துக்குத்தான். மூன்று தலைமுறையாகப் பிறர் நிலத்தில் கூலி செய்த குடும்பத்தில் முதல்முதலாக இரண்டு ஏக்கர் எழுதி வாங்கியவர் அவர். பத்திரத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் விடமாட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டதில், பிள்ளை பிறந்தது தன் கல்யாணத்துக்கு முன்பு என்று வந்தது.

"கல்யாணத்துக்கு மின்னாடி நீ எப்ப கொரியாவுக்குப் போன?" என்று கேட்டார்.

"நான் சூளூர்பேட்டையத் தாண்டினதே இல்ல. நேத்து பெத்தத நேத்து பெத்தேன். நீ பக்கத்துலதான குந்திக்கினு இருந்த" என்றாள் கமலம்மா.

அவர் ஒரு வாரம் மனைவியிடம் பேசவில்லை. மாட்டிடம் மட்டும் பேசினார். பிறகு தெருவில் யாரோ, பையன் நெற்றி அப்படியே உன் நெற்றி என்று சொன்னார்கள். அதற்கப்புறம் போட்டோவைத் தன் போனிலும் அனுப்பச் சொன்னார்.

தே-ஹோ தையல் பிரிக்காமல் படுத்திருந்தபோதே அவர் விசா முடியும் தேதி நெருங்கியது. சிவசங்கரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு, விசாவை நீட்டிக்கத் திருப்பதி ஆபீசுக்குப் போனாள். வாடகைப் பத்திரத்தில் சித்தூர் மாவட்டம் என்று இருந்ததால் சித்தூருக்குப் போகச் சொன்னார்கள். சித்தூரில், மாவட்டம் பிரிந்து எவ்வளவு காலமாகிறது, நீங்கள் இப்போது திருப்பதி என்று திருப்பி அனுப்பினார்கள். பஸ்ஸில் போய் வந்ததில் அவளுக்குக் கால் வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் திருப்பதியில் பூவராகவன் என்ற அதிகாரியின் மேசை முன்னால் உட்கார்ந்தாள். அவர் மலைக்கோயிலில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் பிறந்து, கம்ப்யூட்டருக்கு வாக்கப்பட்டவர். நெற்றியில் திருமண் கலையாமல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க சொல்றது கொரியப் பிரஜை. இது சொல்றது வரதய்யபாளையம் ஏகாம்பரத்தோட குமாரர். ரேஷன் கார்டுலயும் பேர் ஏறியிருக்கு. குமாரருக்கு எதுக்கும்மா விசா?"

சிவசங்கரிக்கு அப்போதுதான் விஷயம் எங்கே வந்து நிற்கிறது என்று உறைத்தது. சொந்தம் என்று சொன்னால் விசா கிடையாது. விசா இல்லாவிட்டால் கொரியக்காரராக அவர் செய்த வேலை, சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் கேள்விக்குள்ளாகும். சொந்தம் இல்லை என்று சொன்னால் ஆஸ்பத்திரி ஃபாரம் பொய், ஆறாத வயிற்றோடு அவரை விமானத்தில் ஏற்ற வேண்டும். பயத்தில் எழுதிய ஒரு சொல்தான், வாபஸ் வாங்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பிள்ளை பெற்றவளின் கண்டிப்போடு, ஒரு மிளகு கூடினாலும் தட்டைத் தள்ளிவிட்டுப் பத்தியம் இருக்கும் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"ரெண்டும் நெசம் சார்" என்றாள்.

பூவராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெருமாள் மலைமேல இருக்கார். தாயார் கீழே திருச்சானூர்ல. ரெண்டு அட்ரஸ், ஒரே குடும்பம். இத்தனை காலமா யாரும் ப்ரூஃப் கேட்டதில்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு தற்போதைய முகவரி என்ற இடத்தில் ஒன்றும் நிரந்தர முகவரி என்ற இடத்தில் மற்றொன்றும் அடித்து, நீட்டிப்புக்கு ஒப்புதல் கொடுத்தார். எதை எங்கே அடித்தார் என்று சிவசங்கரி பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே நல்லது என்று அவளுக்குப் பட்டது.

செய்தி ஸ்ரீ சிட்டியில் பரவாமல் இருக்குமா. அவள் கையெழுத்துப் போட்டால் வேலை நடக்கிறது என்று ஆனது. சிறுநீரகக் கல்லில் துடித்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவருக்கு, அம்மாவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று, பெரியம்மா மகள் என்று போட்டாள். சூளூர்பேட்டையில் மீன் வியாபாரம் செய்துகொண்டிருந்த சித்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு ரோட்டோரத்திலேயே படுத்துவிட்டாள். ஏற்கெனவே மூன்று ஆண் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் அவள். இன்றுவரை சிவசங்கரியோடு பேச்சில்லை. பிலிப்பைன்ஸ்காரரோடு மட்டும் நன்றாகப் பேசுகிறாள். நண்டு வந்தால் அவருக்கு எடுத்துவைக்கிறாள். அதன்பிறகு சிவசங்கரி, இனி ஃபாரம் நிரப்பித் தருவேன், கூட வந்து உட்காருவேன், உறவுமுறையில் சிநேகிதி என்றுதான் எழுதுவேன் என்று முடிவெடுத்தாள். கமலம்மாவின் உடம்பும் இன்னொரு பிரசவத்தைத் தாங்கும்படி இல்லை. தே-ஹோவைப் பெற்ற முதல் பிரசவத்துக்குப் பிறகே ரத்தம் குறைந்து மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. சிவசங்கரியைப் பெற்றது பழைய பிரசவம் என்று அதை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த முடிவு மழைக்காலம் வரை நின்றது. மியுகி என்ற ஜப்பான்காரப் பெண்மணி தரச் சோதனைப் பிரிவில் இருந்தாள். ஒண்டிக்கட்டை, கண்டிப்புக்காரி. சிவசங்கரி வேலையில் சேர்ந்த புதிதில் எல்லார் முன்னாலும் அழுதபோது, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்று குடை பிடித்தவள். வெயிலும் இல்லை மழையும் இல்லை, அழுகையை மறைக்கத்தான் குடை. அந்த மியுகி கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. இந்த ஆஸ்பத்திரியில் சிநேகிதி என்றால் செல்லாது என்று தெலுங்கிலும் தமிழிலும் சொல்லிவிட்டார்கள். சிவசங்கரி பேனாவைப் பிடித்தபடி நின்றாள். அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"யாரு, ஆணா பொண்ணா?" என்றாள் கமலம்மா.

"பொண்ணும்மா."

"வயசு?"

"அம்பத்தாறு."

கமலம்மாவுக்கு அப்போது ஐம்பத்தொன்பது. ஏகாம்பரம் பின்னாலிருந்து, வேணாம்னு சொல்லு, ஒடம்பு தாங்காது என்று சொல்வது கேட்டது.

"உனுக்கு வாணான்னா சிநேகிதின்னே எழுதிப்புடறேம்மா. வேற ஆஸ்பத்திரி பாக்குறேன்" என்றாள் சிவசங்கரி.

"அதுக்குள்ள அவ இருப்பாளா?"

சிவசங்கரி ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சரி, போடு. கொஞ்சம் இரு, அடுப்ப அணைச்சிட்டுப் படுத்துக்கறேன்" என்றாள் கமலம்மா.

அந்தப் பிரசவம் கஷ்டமாகத்தான் இருந்தது. மியுகி கண் திறந்த அன்று கமலம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். ஜுரம் இறங்கவில்லை. தே-ஹோ விடுப்புப் போட்டுவிட்டு வரதய்யபாளையத்துக்கு வந்து சேர்ந்தார். பிள்ளை பெற்றவளுக்குத் தங்கள் ஊரில் கடல்பாசி சூப்தான் கொடுப்பார்கள் என்று சென்னையிலிருந்து பாசி வரவழைத்து, ஏகாம்பரத்தின் அடுப்பில் ஏற்றினார். வீடு முழுக்க ஏரி வற்றின வாசனை. கமலம்மா முகத்தைச் சுளித்து, கருவேப்பிலை தாளித்துப் போடச் சொல்லிக் குடித்தாள். தினம் இரண்டு வேளை, அவள் கிண்ணத்தைக் காலி செய்யும்வரை தே-ஹோ நகரவில்லை. ஏகாம்பரம் இரவல் வாங்கிய கட்டிலில் தே-ஹோவின் பக்கத்தில் உட்கார்ந்து, புரியாத மொழியில் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். கணக்குப் போடுவதை அவர் அத்தோடு விட்டுவிட்டார். மூன்று வயதில் மனைவி ஒரு மகளைப் பெற்றிருக்கிறாள் என்பதைப் பற்றி யாராவது கேட்டால், அந்தக் காலத்தில் எல்லாம் சீக்கிரம் சீக்கிரம்தான் என்றார்.

ஜுரம் இறங்கியது. கமலம்மா எழுந்து மாட்டுக் கொட்டகை வரை நடந்தாள். மியுகி வலது கையில் குச்சியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்து, தன் அம்மாவைவிடத் தனக்கு மூன்று வயதுதான் குறைவு என்பதால் காலில் விழுவதா வேண்டாமா என்று யோசித்து, இரண்டுக்கும் நடுவில் பாதி குனிந்து நின்றாள். கமலம்மா அவள் தலையைத் தடவி, எண்ணெயே வைக்கறதில்லையா என்று கேட்டாள். சிவசங்கரி சமையலறையில் நின்று, இத்தனை பேருக்கு இட்லி ஊற்றத் தட்டு போதாது என்று அழுதாள். அவள் அழுதது தட்டுக்காக என்றே எல்லாரும் நம்பினார்கள்.

அடுத்த வருஷம் தே-ஹோ தேகுவுக்குப் போய்த் தன் அம்மாவைப் பார்த்தார். வழக்கம்போல அவளுக்கு அவரைத் தெரியவில்லை. புதிதாக வந்த வைத்தியர் என்று நினைத்து நாக்கை நீட்டிக் காட்டினாள். அவர் வருத்தத்தை மறைக்க வரதய்யபாளையத்துக்கு வீடியோ கால் போட்டார். திரையில் கமலம்மா வந்தாள். கிழவி போனை இரண்டு கையாலும் பிடுங்கி முகத்தருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஏதோ கேட்டாள். தே-ஹோ அதைத் தமிழில் சொன்னார். அதற்குள் அவர் கற்றிருந்த தமிழ் ஏகாம்பரத்திடம் கற்ற தமிழ்.

"அம்மா கேக்குது. இந்தப் புள்ள பொறக்க சொல்லோ ஒனக்கு ரொம்ப வலிச்சுதான்னு கேக்குது."

"வலிக்காம? தல பெருசாச்சே" என்றாள் கமலம்மா. "அந்தம்மாவுக்கு?"

அவர் கேட்டுச் சொன்னார். அந்த அம்மாவுக்கும் அப்படித்தானாம். இரண்டு நாள் வலியாம், வெளியே பனியாம், வண்டி கிடைக்கவில்லையாம். கமலம்மா உச்சுக்கொட்டினாள். இந்தப் பக்கம் வெயில் என்றாள். பிறகு இரண்டு தாய்மாரும் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, வலி வந்தால் சொல்வதில்லை, இரண்டாம் கல்யாணம் என்றால் பேச்சை மாற்றுகிறான் என்று குறை சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தை விடாமல் அதை மொழிபெயர்க்க வேண்டிய வேலை பிள்ளைக்கே வந்து சேர்ந்தது.