எடைக்கு ஆள்

பித்தளைக் கைப்பிடியைத் துடைத்து முடித்த பிறகும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணியை மறுபடி பிழிந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஆறு மெத்தை இருக்கைகள், இரண்டு பக்கமும் கண்ணாடி, மேலே வளைந்த மரக்கூரை. கால்வாய் நகரத்தைத் தனியாகச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கென்று கம்பெனி வைத்திருந்த ஒரே நல்ல படகு அது. இத்தனை வருஷத்தில் அந்தப் படகில் அவள் வேலை கயிற்றோடு சரி. துறை வந்தால் குதித்துக் கட்டுவாள், புறப்படும்போது அவிழ்த்துவிட்டு ஏறுவாள். துறையில் எல்லோருக்கும் அவள் கயிற்றுக்காரி.

இன்றைக்குச் சுக்கான் அவள் கையில்.

பழைய சுக்கானி எதிர்த்துறைக் கம்பெனிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். படகு ஓட்டும் பரீட்சையில் அவள் போன வருஷமே தேறியிருந்தாள். ஆனாலும் ஒரு பெண்ணை நம்பி விருந்தாளிகளை அனுப்ப மேனேஜருக்கு மனசு வரவில்லை. இப்போது வேறு ஆள் இல்லை.

"இங்க பாரும்மா, வர்றது யாருன்னு தெரியுமில்ல? பெரிய ஹோட்டல் முதலாளி" என்றார் மேனேஜர். "அவருக்குப் பிடிச்சுப்போச்சுன்னா அங்க தங்குறவங்க எல்லாம் இனிமே நம்ம படகுலதான். சுக்கானும் உனக்கு நிரந்தரம். பிடிக்கலேன்னா..."

"பிடிக்கும் சார்" என்று முந்திக்கொண்டாள்.

"நான் ரோட்டு வழியா முன்னாடி போய் அரண்மனைத் துறையில நிக்கிறேன். விளக்கு ஏத்தினதும் கச்சேரி ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள கொண்டுவந்து சேர்த்துடணும்."

அவர் போனதும் வழிகாட்டி வந்து குதித்தான். வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்பதுபோலப் பேசுகிறவன். அவனுக்கு ரேடியோ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"அக்கா, கை நடுங்குது பாருங்க."

"நடுக்கமில்லடா. மோட்டாரு."

"மோட்டாரை இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையே!"

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே விருந்தாளிகள் படியிறங்கி வந்துவிட்டார்கள். ஹோட்டல் முதலாளி, அவர் மனைவி, மனைவியின் தங்கை, நண்பர்கள் மூன்று பேர். முதலாளி உரத்த குரல்காரர். ஏறும்போதே கூரையைத் தட்டிப் பார்த்து, "ஆஹா, தேக்கு!" என்றார். தேக்கு இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

படகு துறையை விட்டு விலகியது. சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்டது. இடது பக்கம் லேசாகத் திருப்பினால் இடது பக்கம் போனது! பெரிய கால்வாயை விட்டுச் சந்துக் கால்வாய்க்குள் நுழைந்தாள். இரண்டு பக்கமும் தண்ணீரில் கால் நனைத்து நிற்கும் பழைய வணிகர் வீடுகள். வாசல் கதவைத் திறந்தால் கால்வாய்தான். மாடிக்கு மாடி கட்டிய கயிறுகளில் போர்வைகள் காய்ந்தன. செங்கோணமாகத் திரும்பும் மூலையில் மணியை அடித்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, படகின் வாலைத் தள்ளித் திருப்பினாள். சுவருக்கும் படகுக்கும் நடுவில் ஒரு சாண். உரசவில்லை.

"பலே!" என்றார் முதலாளி.

ரேடியோ வரிந்து கட்டிக்கொண்டு பேசினான். சுங்கச் சாவடியில் மிளகு மூட்டைக்குள் ஒளிந்து தப்பிய கைதியின் கதையைச் சொன்னான். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் சண்டை போட்டு, ஒருவர் வெளிச்சத்தை ஒருவர் மறைக்க மாடி மேல் மாடியாகக் கட்டிக்கொண்டே போன கதையைச் சொன்னான். பெண்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜன்னலில் நின்ற ஒருத்தி சுக்கானில் ஒரு பெண்ணைக் கண்டதும் உள்ளே ஓடி இன்னொருத்தியைக் கூட்டிவந்து காட்டினாள். கயிற்றுக்காரி கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அடுத்து வர்றது குனியும் பாலம்!" என்று ரேடியோ எழுந்து நின்றான். "எப்பேர்ப்பட்ட ராஜாவா இருந்தாலும் இங்க தலையைக் குனிஞ்சாகணும். இந்தப் பாலத்துக்கு அவரும் ஒண்ணுதான், மீன்காரனும் ஒண்ணுதான். இதைத் தாண்டினா அரண்மனை..."

கயிற்றுக்காரி மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளினாள். படகு உறுமி நின்றது.

பாலம் எப்போதையும்விடத் தாழ்ந்து கிடப்பதுபோலத் தெரிந்தது. தாழ்ந்தது பாலமல்ல. மேற்கே பெய்த மழைத்தண்ணீர் வந்து சேர்ந்திருந்தது. வளைவின் அடிக்கற்கள் முழுகியிருந்தன.

"என்னம்மா, ஏன் நின்னுட்ட?"

"தண்ணி ஏறியிருக்கு சார். கூரை இடிக்கும்."

கொக்கிக்கம்பை நீட்டிக் கூரையையும் கல்லையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். கூரை நாலு விரல் உயரமாக இருந்தது. வெறும் நாலு விரல்.

"வேற வழி இல்லையா?"

"மதகு வழியா சுத்திப் போகலாம் சார். பாதிக் கச்சேரி முடிஞ்சிடும்."

முதலாளியின் முகத்தில் இருந்த கலகலப்பு வடிந்தது. "அப்பத் திருப்பு. இதைக்கூடப் பார்த்து வைக்காம என்ன கம்பெனி? வேற யாரையாவது பார்த்துக்கலாம்."

ரேடியோ முதல்முறையாக வாயை மூடினான்.

அவள் திருப்பவில்லை. இதே படகில் கம்பெனி ஆட்கள் எல்லோரும் நெருக்கியடித்து ஏறி ஒரு கல்யாணத்துக்குப் போன நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் தளர்வாகக் கட்டிய கயிறு, ஆள் ஏற ஏற விறைத்தது. படகு அவ்வளவு கீழே போயிற்று. இப்போது இருப்பது எட்டுப் பேர்.

"சார், படகுல எடை போதல" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கொஞ்சம் ஆள் ஏத்தினா அமுங்கும். புகுந்துடலாம்."

"ஆளா? ஆளுக்கு எங்க போறது?"

கரையில் ஆள் வந்துகொண்டிருந்தது. ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை முடிந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், கால்வாய் ஓரத்து நடைபாதையில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாளெல்லாம் வெந்நீரில் ஊறிய கைகள். முன்னால் வந்தவள் அவளுடைய நாத்தனார், அவள் புருஷனின் தங்கை.

"அண்ணி! சுக்கான் உங்க கையிலயா!" நாத்தனார் கத்திய கத்தலில் கூரைப் புறாக்கள் பறந்தன. "ஏய், பாருங்கடி, எங்க அண்ணி ஓட்டுறாங்க!"

"ஓட்டலடி, நிக்கிறேன். நீ ஏறு. எல்லாரும் ஏறுங்க, பாலத்துக்குள்ள போறதுக்கு எடை வேணும்."

பெண்களுக்குள் சிரிப்பு கிளம்பியது. நாத்தனார் மட்டும் தயங்கினாள். "ஐயோ அண்ணி, பிள்ளை கத்திட்டிருக்கும். காலையில பால் குடுத்ததுதான். நெஞ்சு கல்லாட்டம் இருக்கு."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் படித்துறையில இறக்கிவிட்டுடுறேன். நீ சுத்தி நடந்து போறதைவிடச் சீக்கிரமா வீட்டுல இருப்ப. சத்தியமாடி."

"அப்ப சரி."

கரையோரமாக அணைத்து நிறுத்தினாள். ஒவ்வொருத்தியாகப் படகுக்குள் இறங்கினார்கள். "இருக்கையில வேண்டாம், தரையில படுங்க, எடை அடியில இருக்கணும்" என்று ரேடியோ இடம் ஒதுக்கினான். படகின் மூக்கில் நாலு பேர், நடுவில் விருந்தாளிகளின் காலடியில் மற்றவர்கள். கடைசியாக, எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் பருத்த பெண் இறங்கியதும் படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"என் உடம்பால உலகத்துக்கு இன்னிக்குத்தான் ஒரு உபயோகம்" என்றாள் பெரியம்மா. முதலாளிகூட வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"எங்கம்மா வேலை பார்க்குறீங்க?" என்று காலடியில் கிடந்தவளைக் கேட்டார்.

"உங்க ஹோட்டல்லதான் சார். சலவைக்கூடம்."

"அட! நம்ம ஆளுங்க!" மனைவியைத் தொட்டுச் சொன்னார். "பார்த்தியா, நம்ம ஆளுங்கதானாம்!" மனைவி கைப்பேசியில் படம் பிடிக்க ஆரம்பித்திருந்தாள்.

கொக்கிக்கம்பு மறுபடி நீண்டது. கல்லுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம்.

"எல்லாரும் மூச்சை அடக்குங்க!" என்றான் ரேடியோ.

"மூச்சை விட்டாத்தானே எடை குறையும்!" என்று மூக்கிலிருந்து ஒருத்தி சொன்னாள். மறுபடி ஒரே சிரிப்பு. கயிற்றுக்காரி முழங்காலிட்டு, சுக்கானைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, மோட்டாரை ஒரு முடுக்கு முடுக்கிவிட்டு ஊமையாக்கினாள். வந்த வேகத்திலேயே படகு இருட்டுக்குள் நழுவியது. பாசி வாடை. கல்லிலிருந்து சொட்டும் தண்ணீர் கழுத்தில் விழுந்தது. கூரையில் எங்கோ 'கர்ர்ர்' என்று ஓர் உரசல். யாரோ "ஐயோ" என்றார்கள். விருந்தாளிகள் தாமாகவே மடியில் முகம் புதைத்துக் குனிந்திருந்தார்கள். உரசல் நீண்டது, நீண்டது, நின்றது.

வெளிச்சம்!

படகே எழுந்து குதித்ததுபோலக் கூச்சல். முதலாளி இருக்கையில் எழுந்து நின்று கைதட்டினார். தரையில் கிடந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். மனைவியின் தங்கை பெரியம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நாத்தனார் தலையை நிமிர்த்தி, "அண்ணீ!" என்று ஒரு சத்தம் போட்டாள். கயிற்றுக்காரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. தோளில் தேய்த்துத் துடைத்தாள்.

வலது பக்கம் படித்துறை தெரிந்தது. சுக்கானை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"எங்க போற?" என்றார் முதலாளி. "அங்க பாரு, விளக்கு ஏத்திட்டாங்க! நேரா விடு, நேரா விடு!"

"இவங்களை இறக்கிவிட்டுட்டு..."

"இறக்கிட்டா? திரும்பி வர்றதும் இந்தப் பாலந்தானே. ராத்திரியில மதகைச் சுத்தியா போறது? அப்ப எடைக்கு எங்க போவ?"

அதை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. ரேடியோவைப் பார்த்தாள். அவன் அரண்மனையின் கோபுரங்களைப் பற்றி அவசரமாக ஏதோ சொல்லத் தொடங்கினான். சுக்கான் நேராகத் திரும்பியது.

சிரித்துக்கொண்டிருந்த நாத்தனார் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தாள். "அண்ணி, துறை பின்னாடி போயிடுச்சு."

"அரண்மனையில இறங்கிப் போயிடலாம்டி" என்றாள் அவள், முன்னால் பார்த்தபடி.

அரண்மனைத் துறையில் மேனேஜர் ஓடி வந்து படகைப் பிடித்தார். முதலாளி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "யோவ், என்ன பொண்ணுய்யா வச்சிருக்க! இந்த மாதிரி ஒரு சவாரி என் ஆயுசுல போனதில்ல. நாளையிலேர்ந்து என் ஆளுங்க எல்லாம் உன் படகுலதான்." அவர் படியேறி மறையும்வரை மேனேஜர் குனிந்த முதுகை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்ததும் தம் தலையிலிருந்த கம்பெனித் தொப்பியைக் கழற்றிக் கயிற்றுக்காரியின் தலையில் வைத்தார்.

"உன்னுதும்மா. இனி உன்னுது."

பெண்கள் கைதட்டினார்கள். படுத்துக் கிடந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி எழுந்து மெத்தை இருக்கையில் உட்கார்ந்தாள்.

"ஏய் ஏய், அதுல வேண்டாம்" என்றார் மேனேஜர். "துணியெல்லாம் ஈரம் உங்களுக்கு. அவங்க திரும்பி வந்து உட்காரணும்ல. கீழயே இருங்க."

அவள் கீழேயே உட்கார்ந்தாள். நாத்தனார் அதற்குள் கரையில் குதித்திருந்தாள். படி முடியும் இடத்தில் சீருடைக் காவலாளி கையை நீட்டி மறித்தான். அரண்மனையைச் சுற்றி மதில். தெருவுக்குப் போக ஒரே வழி கச்சேரி மண்டபத்தின் ஊடே.

"சீட்டு இருக்கா?"

"நான் கேக்க வரலங்க. குறுக்க நடந்து வெளிய போயிடுறேன். கைப்பிள்ளைக்காரி."

"விருந்தாளிங்க உட்கார்ந்திருக்காங்க. அப்படியெல்லாம் போக முடியாது."

கயிற்றுக்காரி மேனேஜரிடம் வந்தாள். "சார், கச்சேரி முடியறதுக்குள்ள படித்துறைக்குப் போய் இவளை மட்டும் விட்டுட்டு ஓடி வந்துடுறேன்."

"என்னம்மா நீ? விளக்கெல்லாம் போட்டு நிறுத்தியிருக்கோம், மேலேர்ந்து எல்லாரும் படகைத்தான் பார்க்குறாங்க. நடுவுல அவர் கிளம்பிட்டா?" குரலைத் தணித்தார். "கிடைச்சதைக் காப்பாத்திக்கோ. படகு இங்கேர்ந்து நகர்ந்தா, தொப்பியை வச்சிட்டுப் போ."

அவர் மேலே போனார். மண்டபத்தில் இசை தொடங்கியது. நாத்தனார் திரும்பி வந்து படகில் இறங்கினாள். கயிற்றுக்காரி துறைக்கல்லின் அருகே குனிந்தாள். முடிச்சின் மேல் கை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டே அவிழ்க்கக்கூடிய முடிச்சு. பிறகு கையை எடுத்துக்கொண்டு படகுக்குள் வந்தாள்.

காலியாக இருந்த ஆறு மெத்தைகளுக்கும் கீழே பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருத்தி இசைக்குத் தாளம் போட்டுப் பார்த்து நிறுத்தினாள். நாத்தனாரின் மேல்சட்டையில் இரண்டு வட்டங்கள் நனைந்து பரவிக்கொண்டிருந்தன.

"வலி தாங்கல" என்று பெரியம்மாவிடம் சொன்னாள்.

"பீச்சி விட்டுடு கண்ணு. வச்சிருந்தா காய்ச்சல் வந்துடும்."

அவள் படகின் வால்புறம் போய், அரண்மனைக்கு முதுகு காட்டி மண்டியிட்டாள். மாடத்தில் விருந்தாளிகள் சிலர் வந்து நின்று, விளக்கு வெளிச்சத்தில் மின்னும் படகைக் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். கயிற்றுக்காரி தொப்பியோடு எழுந்து போய், கையிரண்டையும் விரித்து அவளை மறைத்து நின்றாள். மேலிருந்து யாரோ அவளைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

அவள் முதுகுக்குப் பின்னால், கால்வாய்த் தண்ணீரில் பால் விழும் சத்தம் மெல்லியதாக, விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.