சுடாத கால்

கந்தசாமியின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்த அன்றே கள்ளக்குறிச்சி டாக்டரம்மா பச்சையாகச் சொல்லிவிட்டார். "ரத்தக்குழாய் சுருங்கிக்கினே வருது. புகையிலை எந்த ரூபத்துல உள்ள போனாலும் காலு போயிடும். விட்டா தங்கும்." கந்தசாமியின் காதில் பீடி என்றுதான் விழுந்தது. கரும்பு வெட்டப் போன நாளிலிருந்து அவருக்குத் தெரிந்த புகையிலை அது ஒன்றுதான்.

நைனார்பாளையம் திரும்பியதும் திரௌபதி அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினார். கால் தங்கினால் தீ மிதிக்கிறேன், இனி வாயில் நெருப்பு வைக்க மாட்டேன். மகள் எழில்மதிக்கு அன்றைக்கு நிம்மதி. கள்ளக்குறிச்சி லேப் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் தங்கியிருந்தாள். அந்த வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவள். சாமியோ பூதமோ, பீடி ஒழிந்தால் சரி என்று நினைத்தாள்.

பீடி ஒழிந்தது. மலேசியாவிலிருந்து மாமன் வந்து சேர்ந்தான்.

அம்மா ராஜாம்பாளின் தம்பி கலையரசன், பேனா கணக்காக ஒரு மிஷினைக் கொண்டுவந்து கந்தசாமியின் கையில் வைத்தான். சின்னக் குச்சியைச் சொருகினால் உள்ளே இருப்பது எரியாமல் சூடாகும். விளக்கு பச்சையானதும் இழுக்கலாம்.

"நெருப்பு இல்ல, சாம்பல் இல்ல மாமா. அங்க ஆபீசருங்கல்லாம் இதத்தான் இழுத்துக்கினு இருக்காங்க."

விடுமுறைக்கு வந்த எழில்மதி பார்த்துவிட்டாள். "குச்சிக்குள்ள இன்னா மாமா இருக்குது?"

"ஏதோ இலை."

"புகையிலை. இத இங்க விக்கவே கூடாதுன்னு தடை போட்டிருக்குது."

"விலை ஜாஸ்தி, நம்ம ஜனம் தாங்காதுன்னு போட்டிருப்பான்."

கந்தசாமி சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எரியலன்னா நிக்கோட்டின் இல்லாம போயிடுமா? குழாயச் சுருக்கறதே அதாம்பா. டாக்டரம்மா சொன்னது பீடிய மட்டும் இல்ல."

"நாலு எழுத்து படிச்சிட்டா அப்பனுக்கே பாடம் எடுப்பியாடி?" என்றாள் ராஜாம்பாள்.

டாக்டர் சொன்னது போதாதென்று பூசாரி மாயவனிடம் தீர்ப்புக்குப் போனார்கள். மாயவன் மிஷினை முகர்ந்தார். தலைகீழாகத் தட்டிச் சாம்பல் விழுகிறதா என்று பார்த்தார். பிறகு, சோதிக்கத்தான், நாலு இழுப்பு இழுத்தார்.

"நெருப்பு வெச்சாதான்டா சத்தியம் பொய்யாவும். இதுல நெருப்பு எங்க கீது? ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா."

பீடியை மறைவாக இழுத்த மனிதர், கையில் காப்பு கட்டிக்கொண்டு கோயில் வாசலிலேயே இழுக்க ஆரம்பித்தார். பீடியையே விட்டுட்டாரே என்று ஊர் மெச்சியது.

தீமிதி அன்று காலையில் எழில்மதி அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸில் வைத்த மீன் மாதிரி இருந்தது. நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். அவருக்குத் தெரியவே இல்லை.

"அப்பா, காலுக்கு உணர்ச்சியே இல்ல. மிதிக்காத. வெந்தா ஆறாது."

ராஜாம்பாள் பாய்ந்து வந்தாள். "ஐயோ பாவி! வூட்டுக்கு தூரமா இருந்துக்கினு காப்பு கட்டின காலத் தொடறியே! எழுந்து போடி வெளிய!"

கந்தசாமி காலை இழுத்துக்கொண்டார். மஞ்சள் தண்ணீர் ஊற்றி அவள் தொட்ட இடத்தைக் கழுவினார்கள்.

சாயங்காலம் அவர் குண்டத்தில் இறங்கினார். மற்றவர்கள் ஓடினார்கள். கந்தசாமி நடந்தார், ஏதோ களத்துமேட்டில் காயும் நெல்லில் நடக்கிறவர் மாதிரி. கரையேறி, "சுடவே இல்லடா!" என்று கத்தினார். பெண்கள் அந்தக் காலில் விழுந்து கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தெருமுனையில் தள்ளி நிறுத்தப்பட்டிருந்த எழில்மதி மட்டும் அழுதாள். பக்தி வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள்.

கொப்புளம் உடைந்தது, ஆறவில்லை. வலது பாதம் கறுத்து, நாற்றமெடுத்தது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

பார்க்க வந்த ஜனத்துக்குக் காரணம் தயாராக இருந்தது. "நல்லாத்தான் மிதிச்சாரு. பொண்ணு தீட்டோட தொட்டுட்டாளாம். படிச்ச திமிரு." ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாயவனும் வந்து விபூதி பூசிவிட்டு, பரிகாரத்துக்கு அவளைத்தான் அங்கப்பிரதட்சணம் செய்யச் சொன்னார். மிஷினைப் பற்றி யாரும் பேசவில்லை.

எழில்மதி அப்பாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றாள். என் பொண்ணு சொல்லிச்சு, நான்தான் கேக்கல. அவ்வளவு போதும்.

கந்தசாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "தொடாம இருந்திருக்கலாம்," என்றார்.

கலையரசன் பெட்டி பெட்டியாகக் குச்சியை வைத்துவிட்டு மலேசியாவுக்கு விமானம் ஏறினான். பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எழில்மதியை ஒருநாள் கட்டிலிலிருந்து கந்தசாமி கூப்பிட்டார்.

"எழிலு, அந்த மிஷினுக்குக் கொஞ்சம் சார்ஜ் போடும்மா."

"போட்டுக் குடேன்டி. வேற இன்னா சொகத்தக் கண்டாரு அந்த மனுஷன்," என்றாள் ராஜாம்பாள்.

எழில்மதி போர்வையை விலக்கினாள். இடது கால் கட்டைவிரலின் ஓரம் நீலம் பாரித்திருந்தது. போர்வையை மூடினாள். ஒயரைச் சொருகினாள். சார்ஜ் ஏறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். குச்சியை வைத்து, விளக்கு பச்சையானதும் அவர் உதட்டில் அவளே பொருத்தினாள்.

"நல்லா இழுப்பா," என்றாள். "இன்னொரு காலு இருக்குதில்ல."

ராஜாம்பாள் வாயில் அடித்துக்கொண்டாள். கந்தசாமி மகளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.